அன்று கொடுக்காத கூடாரம்

போன ஐப்பசியில் எங்கள் பழைய கிடங்கிலிருந்து கௌசல்யா என்ற பெண் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைக்கு வந்தவள். நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, டென்ட்ல கறுப்பு கறுப்பா புள்ளி வந்துருக்குக்கா. அடியில விரிக்கிற வினைல் ஷீட்லயும் பச்சையா படிஞ்சு கெடக்கு. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சுடலாமா?"

"போடாதம்மா. மொதல்ல அதை அப்படியே சுருட்டி வெளியில கொண்டா. உள்ள வெச்சு உதறிடாத. மூக்கைக் கட்டிக்கிட்டியா?"

"மாஸ்க் இருக்குக்கா."

"போட்டுக்கிட்டு அப்புறம் தொடு."

செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "ஒரு பூசணத்துக்கு இவ்வளவாக்கா?" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவள் கேட்டதற்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன்.

நான் பிறந்தது வெண்ணாற்றுக் கரையில் ஒரு சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். என்னைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தார்கள். அதற்கு மேல் முடியவில்லை. கல்யாணமாகி மன்னார்குடிக்கு வந்தபோது, மழைக்காலத்தில் வீடு இழந்தவர்களுக்கு உதவி செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கிடங்கு வேலைக்கு ஆள் கேட்டார்கள். கூட்டிப் பெருக்குகிற வேலை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வேலைக்காலம் முழுவதும் அங்கேயே கழிந்தது.

கிடங்கு என்பது ஒரு பழைய அரிசி ஆலை. இயந்திரங்களையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். உள்ளே உயரமான கூடம், பின்னால் அவித்த நெல்லைக் காயப்போடும் பெரிய சிமெண்ட் களம். அந்தக் களம்தான் எங்களுக்குப் பெரிய சொத்து. நாங்கள் அங்கே காயப்போட்டது கூடாரங்களை. வெள்ளம் வந்தால் குடும்பத்துக்கு ஒரு கான்வாஸ் கூடாரம், தரையில் விரிக்க ஒரு வினைல் விரிப்பு, போர்வை, குடம் என்று கொடுப்போம். வீட்டைச் சரிசெய்ததும் கூடாரத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். பாதிக் கூடாரங்கள் சேறும் ஈரமுமாகத்தான் திரும்பும். அவற்றை மறுபடியும் ஆள் படுக்கும்படி ஆக்குவதுதான் எங்கள் வேலை.

பொறுப்பாளர் லூர்துமேரி அக்கா. கரூர்ப் பக்கம் லாரிப் படுதா தைக்கும் கம்பெனியில் தையல்காரியாக இருந்துவிட்டு வந்தவர். நெடுநெடுவென்று உயரம். குரல் மட்டும் தணிந்தே இருக்கும். கோபம் வந்தாலும் சத்தம் போட மாட்டார். வழக்கமாக என்னைச் "செல்வி" என்று கூப்பிடுகிறவர், "செல்வியம்மா" என்று மரியாதையாக ஆரம்பித்தால் நான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

அவருக்கு ஓயாத இருமல். நாலு படி ஏறினால் நின்றுவிடுவார். படுதாக் கம்பெனியில் பூசணம் பிடித்த பழைய படுதாக்களை மூடிய அறைக்குள் போட்டு உதறுவார்களாம். யாரும் மூக்கைக் கட்டியதில்லை. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போய்ப் போய் நுரையீரல் கெட்டுப்போனதாகத் தஞ்சாவூரில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னாராம். "அப்ப வயசு. இருமல்னா சுக்குக் காப்பி குடிச்சாப் போயிரும்னு நெனச்சோம்," என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான் சேர்ந்த புதிதில் தனம் என்று ஒரு பெண் கூட வேலை பார்த்தாள். வினைல் விரிப்பில் இருந்த கறை சீக்கிரம் போகட்டும் என்று, பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஊற்றிவிட்டாள். கண்ணெல்லாம் எரிந்தது. மூச்சை இழுத்தால் தொண்டையில் கத்தி வைத்தது போல இருந்தது. அக்கா எங்கள் இருவரையும் தோளைப் பிடித்துக் களத்துக்குத் தள்ளினார். அன்று பொழுது சாயும்வரை கூடத்துக்குள் யாரையும் விடவில்லை. தனத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் தலையைப் பிடித்துக் குனிய வைத்துக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மருந்தோடு இன்னொரு மருந்தைக் கலக்கக் கூடாது என்பது அன்றைக்கு எங்களுக்குள் ஏறியது. பிறகு அந்தக் கிடங்குக்குள் ஆசிட் பாட்டில் வரவேயில்லை.

அக்காவின் வேலை முறை இப்படி இருக்கும். பூசணம் பிடித்த கூடாரத்தைச் சுருட்டினபடியே களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து, அது நம் முதுகுப் பக்கம் வரும்படி நின்றுகொள்ள வேண்டும். மூக்குக்கு மாஸ்க், கைக்கு ரப்பர் உறை. விரித்து வெயிலில் போட்டு, புள்ளிகள் நன்றாக உலர்ந்த பிறகு மெத்தென்ற பிரஷ்ஷால் ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் பூசணம் நூலுக்குள் இறங்கும். அதன் பிறகு தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்து ஒற்றி, கொஞ்ச நேரம் ஊற விட வேண்டும். பிறகு காரமில்லாத சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். கான்வாஸுக்குப் பிளீச்சிங் ஆகவே ஆகாது. கறை வெளுக்கும், கூடவே தையல் நூலும் இற்றுப்போகும். அடுத்த மழையில் கூடாரம் ஓரத்தோடு கிழியும்.

வினைலுக்கு வேறு பக்குவம். அதற்குப் பிரஷ்ஷே கூடாது. கீறினால் கீறலுக்குள் போய்ப் பூசணம் உட்கார்ந்துகொள்ளும். சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணி. மடிப்பிலும் ஓரத்திலும் விரலில் துணியைச் சுற்றித் துடைக்க வேண்டும். தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் படக் கூடாது. பட்டால் விறைத்து வெடித்துவிடும். எல்லாம் முடிந்து இரண்டு பக்கமும் காய்ந்த பிறகு, கான்வாஸுக்கு மட்டும் தண்ணீர் புகாத மெழுகுப் பூச்சு கொடுப்போம். தையல் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார் அக்கா. குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மடிக்கக் கூடாது. கடைசியாகக் கூடாரத்தைக் கட்டி நிறுத்தி, அவர் மட்டும் உள்ளே போய் அசையாமல் நிற்பார். மோந்து பார்க்கிறார் என்று நாங்கள் பேசாமல் இருப்போம். வெளியே வந்து தலையசைத்தால்தான் அது மனிதருக்குப் போகும்.

இந்த முறையில் நாங்கள் எத்தனையோ கூடாரங்களைக் காப்பாற்றியிருக்கிறோம். ரேவதி என்ற பெண்ணின் விஷயத்திலும் இதே முறைப்படிதான் நடந்தோம்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை விடவேயில்லை. வாய்க்கால் உடைந்து தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றது. கையிலிருந்த நல்ல கூடாரங்கள் எல்லாம் போய்விட்டன. மிச்சம் இருந்தது கூடத்தின் பின் மூலையில் ஓர் அடுக்கு. கூரைத் தகடு மாற்ற ஆள் வருவதாக இருந்தது. ஆனால் மழை முந்திக்கொண்டது. ஒழுகின தண்ணீர் அந்த அடுக்கு முழுக்க இறங்கியிருந்தது. நாங்கள் பிரித்துப் பார்க்கும்போது பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடந்தது. பக்கத்தில் போனாலே தொண்டை கமறியது.

அப்போதுதான் ரேவதி வந்தாள். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். பூத்துவாலையில் சுற்றிய கைக்குழந்தை. பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷன் குமார். இருவரும் நான்கைந்து ஊர் தள்ளி வாய்க்காலோரத்தில் மண்சுவர் வீட்டில் இருந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள்.

"அக்கா, எங்க தெருவுல எல்லாருக்கும் டென்ட்டு குடுத்துட்டீங்க. எங்களுக்கு மட்டுந்தான் கெடைக்கல," என்றாள்.

"தீந்து போச்சும்மா. ஸ்கூல்ல இருக்கீங்கள்ல?"

"அங்க இருக்க முடியலக்கா. ஒரே ரூம்ல அம்புட்டு சனம். புள்ள தூங்கவே மாட்டேங்குது. பால் குடுக்க ஒரு மறைவு இல்ல."

அக்கா பதில் சொல்வதற்குள் அவள் கண் பின்மூலைக்குப் போய்விட்டது.

"அந்தா அடுக்கி வெச்சிருக்கே, அதுல ஒண்ணு குடுங்கக்கா."

"அது பூசணம் புடிச்சதும்மா. ஆள் படுக்க ஆகாது."

"அதனால என்னக்கா? எங்க வூட்டுச் செவுத்துல இல்லாத பூசணமா?"

அக்கா எழுந்து வந்தார். குழந்தையின் துவாலையை விலக்கி, குனிந்து, நெஞ்சில் காதை வைத்தார். அவ்வளவு பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை. எட்டி நின்ற எனக்கே அந்தக் 'கர்கர்' சத்தம் கேட்டது.

"எப்பேர்ந்து இந்த இளைப்பு?"

"பொறந்ததுலேர்ந்து வந்து வந்து போவும். மழைன்னா ஜாஸ்தி."

"டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"காட்டுனோம். மருந்து குடுத்துருக்காங்க."

அக்கா நிமிர்ந்தார். "இந்த நெஞ்சோட இந்தப் புள்ளைய அந்தக் கூடாரத்துக்குள்ள படுக்க வெக்கக் கூடாதும்மா. அது சும்மா நாத்தம் இல்ல. அந்தத் தூள் மூச்சோட உள்ள போவும். மூடுன எடம் வேற. நான் குடுக்க மாட்டேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "வெயில் வரட்டும். சுத்தம் பண்ணி, நானே கொண்டாந்து கட்டித் தர்றேன்."

"வெயில் வந்துட்டா டென்ட்டு எதுக்குக்கா?" என்றாள் ரேவதி.

அக்கா பின்மூலை அடுக்கை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"வா, ரேவதி," என்றான் குமார். அவள் துவாலையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தாள். படியில் வழுக்கப் பார்த்தவளை அவன் பிடித்துக்கொண்டான்.

அவர்கள் போன கையோடு அக்கா போனை எடுத்தார். கோயில் மண்டபம், கல்யாண மண்டபம், தெரிந்தவர்கள் வீடு என்று எங்கெங்கோ பேசினார். எங்கும் இடமில்லை. என்னிடம் இரண்டு போர்வையும் ஒரு புது வினைல் விரிப்பும் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ரேவதி வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. விரிப்பைச் சுவரோரமாகப் போட்டு அதன் மேல் குழந்தையை விட்டாள்.

திரும்பி வந்தபோது அக்கா அடுக்கிலிருந்து இருப்பதிலேயே நல்ல கூடாரமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். தையலை நகத்தால் கீறிப் பார்த்து, நூல் இற்றுப்போகவில்லை என்று உறுதி செய்துகொண்டார். வெயில் இல்லாமல் புள்ளிகள் உலராது. உலராமல் பிரஷ் போட முடியாது. அதனால் முன்தாழ்வாரத்தில் வைத்தே வினிகர்த் தண்ணீரால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். துணி கறுக்கக் கறுக்க மாற்றினோம். கழுவிக் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, இருந்த மின்விசிறிகளையெல்லாம் அதன் பக்கம் திருப்பினோம். மின்சாரம் வரும், போகும். ஈரக்காற்றில் கான்வாஸ் காயவில்லை. அக்கா அரைமணிக்கொரு தரம் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் மதியத்துக்கு மேல் மழை ஒருவழியாக விட்டது. மறுநாள் காலையில் சுள்ளென்று வெயில். அக்கா முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "புடி, செல்வி, புடி," என்று அவசரப்படுத்தினார். இருவருமாகக் கூடாரத்தைக் களத்துக்குத் தூக்கிவந்து கொடியில் விரித்தோம். மிச்சமிருந்த புள்ளிகளை உலரவிட்டுத் தள்ளினோம். மறுபடி துடைத்தோம். களமெங்கும் ஆவி பறந்தது. "சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும். இன்னிக்கே கட்டிக் குடுத்துரலாம்," என்றார்.

ஆற்றோர ஊர்க்காரர்களுக்கு ஒன்று தெரியும். மண்சுவர் மழையில் ஊறும்போது விழுவதைவிட, மழை விட்டு வெயில் அடிக்கும்போதுதான் அதிகம் விழும். ஊறிப் பருத்து நின்ற சுவர், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வெடிக்கும். எனக்கும் அது தெரியும். சின்ன வயதில் மழை விட்ட அன்று அம்மா எங்களைச் சுவரோரம் உட்கார விடமாட்டாள்.

மதியம் எங்கள் வண்டி டிரைவர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். ரேவதியும் குமாரும் முந்தின நாளே பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அன்று காலை அவன் குழந்தையை வாசலில் வெயிலில் வைத்துக்கொண்டிருக்க, அவள் அரிசி வாளியை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். பக்கச் சுவர் அப்படியே சாய்ந்துவிட்டது. மண்ணுக்குள்ளிருந்து அவளை எடுத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பயனில்லை.

அக்காவிடம் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கேட்டுக்கொண்டு நின்றதுதான் நினைவிருக்கிறது. கொடியில் தொங்கிய கூடாரத்தின் அருகில் போனார். தையல் ஓரத்தைக் கையில் எடுத்துக் கன்னத்தில் வைத்தார்.

"இன்னும் ஈரம் இருக்கு," என்றார். "மடிச்சுராத."

அப்புறம் அந்த ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே களத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அடக்கம் முடிந்த பிறகு கூடாரத்தை எடுத்துக்கொண்டு போனோம். போக வேண்டாம், ஊரில் கோபமாக இருப்பார்கள் என்று டிரைவர் சொன்னார். "கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்," என்றார் அக்கா.

வீடு இருந்த இடத்தில் மூன்று சுவர்கள் நின்றன. குழந்தை குமாரின் தங்கை மடியில் இருந்தது. வேப்பமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அங்கிருந்து ஒருவர், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்றார். அக்கா சுவர்களிலிருந்து நன்றாகத் தள்ளி, மேட்டுப்பாங்கான இடம் பார்த்து, முளை அடிக்கச் சொன்னார். டிரைவரும் நானும் அடித்தோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த குமார் எழுந்து வந்து கயிற்றை இழுத்துக் கட்டினான்.

கட்டி முடித்ததும் அக்கா உள்ளே போனார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மண்டியிட்டு, நாலு மூலையிலும் முகத்தை வைத்து மோந்தார். ஒவ்வொரு தையலாகப் போனார். நடுவில் இருமல் வந்து தரையில் கையூன்றி நின்றார். வெளியே வரும்போது அவர் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன.

குமாரின் தங்கையைப் பார்த்து, "பாப்பாவ உள்ள படுக்க வெக்கலாம்," என்றார்.

தலைமை அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய சார் நல்ல மனிதர். "நீங்க செஞ்சது சரிதாம்மா. யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருக்கணும்," என்றார். "சரின்னு எனக்கும் தெரியும் சார்," என்று அக்கா சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் வேறு மாதிரி ஆகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். வேலை அதேதான். கூரைத் தகடு மாற்றினார்கள். அடுக்குகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் வைத்தோம். ஆனால் யாராவது உதவி கேட்டு வந்தால், "இல்லை" என்று சொல்வதோடு அக்கா விடமாட்டார். அப்புறம், "எங்க தங்கியிருக்கீங்க? அங்கேர்ந்து எங்கயும் போவாதீங்க. செவுரு காயறவரைக்கும் வூட்டுக்குள்ள போவாதீங்க," என்பார். கேட்டு வந்தவர்கள் விளங்காமல் பார்ப்பார்கள். எல்லோரிடமும் சொன்னார், மாடி வீட்டுக்காரர்களிடம்கூட.

அடுத்த கோடையில் குமார் வந்தான். அரசாங்க வீடு கிடைத்துக் குடிபோய்விட்டானாம். சைக்கிள் கேரியரில் கூடாரத்தைக் கட்டிக் கொண்டுவந்திருந்தான்.

"நல்லா காயப்போட்டுத்தாங்க மடிச்சேன்," என்றான்.

அக்கா அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. மற்றவர்கள் கொண்டுவந்தால் நின்ற இடத்திலேயே பிரிப்பார்.

"பாப்பா?"

"நல்லாருக்குங்க. தங்கச்சிதான் பாத்துக்குது."

"டீ சாப்புடு."

"வேணாங்க."

சைக்கிளைத் திருப்பியவன் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அக்காவைப் பார்க்காமல், களத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அக்கா, எனக்கு உங்க மேல கோவம் இல்லீங்க. பாப்பாவுக்காகத்தான் சொன்னீங்கன்னு எனக்கு அன்னிக்கே வெளங்கிருச்சு. அவளுக்குத்தான் வெளங்கல. 'நம்மளப் பாத்தா குடுக்கணும்னு தோணல, அதான் சாக்கு சொல்றாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. யாரு கையையும் எதிர்பாக்க வேணாம், நம்ம வூட்டுக்கே போயிரலாம்னு அவதான் கெளப்புனா. மழை விட்டுச்சேன்னு நானும் போனேன்."

போய்விட்டான். அக்கா கூடாரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"சாக்குன்னு நெனச்சுட்டாளா," என்று மெல்லச் சொன்னார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அடுத்த மழையில் அந்தக் கூடாரமும் மற்றவற்றோடு போயிற்று. எந்தக் குடும்பத்துக்கு என்று நான் கவனிக்கவில்லை.

அக்கா ஓய்வு பெற்றுப் பூதலூரில் மகள் வீட்டுக்குப் போனார். நெஞ்சு ரொம்ப மோசமாகிவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது கட்டிலோரம் ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நாலு வார்த்தை பேசினால் ஓய்வெடுக்க வேண்டும். கிடங்கைப் பற்றிக் கேட்டார், என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"செல்வி, அந்தப் புள்ளைக்கு என்ன பேரு?"

"எந்தப் புள்ளக்கா?"

"ரேவதியோட புள்ள. நெஞ்சுல காத வெச்சுப் பாத்தேன். அப்புறம் போய்க் கூடாரமும் கட்டுனேன். பேரு கேக்கலியே."

எனக்கும் தெரியாது. அந்தக் குழந்தையைப் பாப்பா என்றுதான் எல்லோரும் சொன்னோம். கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரத்திலேயே குமாரின் ஊருக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். வாசலில் அவன் தங்கை இருந்தாள். ரேவதியின் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடையோடு தண்ணீர்க் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகம் அப்படியே இருந்தது. பெயர் கேட்டேன். "யாழினி," என்றாள். எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பூதலூரில் ரயிலை விட்டு இறங்கி நடந்தேன். அக்காவின் மகள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தெருவில் நாற்காலிகள். உள்ளே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடியும்வரை சுவரோரம் நின்றேன். பிறகு அக்காவைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து, அந்தப் பெயரை அவர் காதில் சொன்னேன்.